நீரின் மேல் ஒரு நேர்ச்சை
(வெனிஸ் நகர மீட்பர் திருவிழாவின் வரலாறு)

திருவிழா என்றதும் நம் மக்களின் நினைவுக்கு முதலில் வருவது எது? கொடியேற்றம் என்பார் சிலர். தேர்ப்பவனி என்பார் பலர். சிறுவரைக் கேட்டாலோ, தயக்கமின்றி வாணவேடிக்கை என்பார்கள். நவநாள் செபத்துக்கு வராத கால்கள்கூட வாணம் விடும் இரவில் கோயில் மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிடுகின்றன. "இத்தனை ஆயிரத்தைப் புகையாக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்போரும், "வாணமில்லாமல் என்ன திருவிழா?" என்று கேட்போரும் எல்லாத் திருவிழாக் குழுக்களிலும் உண்டு. யூபிலி ஆண்டில் இந்த வழக்கு இன்னும் உரத்த குரலில் நடக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! இதற்குத் தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே முன்வரவில்லை. நீரின் மேல் வாணம் விட்டுக் கொண்டாடப்படும் பழம்பெரும் கத்தோலிக்கத் திருவிழா ஒன்றின் வரலாற்றை நம் பங்கு மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்றே நினைக்கிறோம். அது இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரில், ஆண்டுதோறும் ஜூலைத் திங்கள் மூன்றாம் ஞாயிறன்று சிறப்பிக்கப்படும் மீட்பர் திருவிழாவாகும்.

வெனிஸ் நமக்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் கடற்கரையைப் பற்றியும், காயல் துறைமுகத்தைப் பற்றியும், புனித தோமையாரின் கல்லறையைப் பற்றியும் எழுதிவைத்த மார்க்கோ போலோ அவ்வூர்க்காரரே. 20-ஆம் நூற்றாண்டில் மட்டும் 10-ஆம் பத்திநாதர், 23-ஆம் அருளப்பர், முதலாம் அருள் சின்னப்பர் ஆகிய மூன்று திருத்தந்தையர் அந்நகரின் பிதாப்பிதாக்களாக இருந்து உரோமைக்குச் சென்றவர்கள். கடற்கழியின் நடுவே, சிறு சிறு தீவுகளின் மேல், சேற்றில் மரக்கழிகளை அடித்து இறக்கி எழுப்பிய நகரம் அது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் கால்வாய். வண்டி இருக்க வேண்டிய இடத்தில் படகு. அரசன் கிடையாது. பெருங்குடியினர் கூடித் தேர்ந்தெடுக்கும் 'டோஜ்' என்னும் தலைவரும், செனட் சபையும் அக்குடியரசை ஆண்டுவந்தனர்.

கீழை நாடுகளின் மிளகும் பட்டும் கப்பல்களில் வந்து இறங்கிய அதே துறையில் கொள்ளைநோயும் வந்து இறங்கியது. இதை அந்நகரத்தார் நன்கு அறிந்திருந்தனர். நோயுற்றோரைத் தனியே வைத்துப் பேணுவதற்கென்றே 1423-இல் ஒரு தீவை ஒதுக்கினர். பின்னர் 1468-இல், நோய் இருக்கலாம் என்று ஐயமுற்ற கப்பல்களையும் ஆட்களையும் காக்கவைப்பதற்கு இன்னொரு தீவை ஏற்படுத்தினர். நாற்பது என்பதைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லிலிருந்துதான் 'குவாரண்டைன்' என்னும் சொல் பிறந்தது. 2020-இல் நம் ஊர்ப் பாட்டிமார் வாயிலும் புழங்கிய சொல் அது.

இத்தனை முன்னெச்சரிக்கை இருந்தும் 1575-ஆம் ஆண்டு கோடையில் கொள்ளைநோய் நகருக்குள் நுழைந்தது. குளிர்காலத்தில் தணிந்தது போலிருந்து, 1576-இல் மீண்டும் தலைதூக்கியது. அப்போது ஓர் அறிவாளிகளின் கூத்தும் நடந்தேறியது. வந்திருப்பது கொள்ளைநோய்தான் என்று அறிவித்தால் வணிகம் நின்றுவிடும், நகரம் பட்டினி கிடக்கும். ஆகவே படுவா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர்களை அழைத்துக் கருத்துக் கேட்டனர். மெர்க்கூரியாலே, கபோதிவாக்கா என்னும் அவ்விருவரும், இது உண்மையான கொள்ளைநோயன்று என்று அடித்துச் சொன்னார்கள். சொன்னதோடு நில்லாமல், கட்டுக்காவல் ஏதுமின்றி வீடு வீடாகச் சென்று நோயாளிகளைப் பார்க்கவும் தொடங்கினார்கள். அவர்களுடைய துணிவை நாம் குறை கூறவில்லை. ஏழைகளின் குடிசைக்குள் அவர்கள் நுழைந்தது உண்மை. ஆனால் சில வாரங்களுக்குள் சாவு பெருகி அவர்களுடைய வாதத்தை மறுத்துவிட்டது. நோய்க்கிருமியை யெர்சின் என்னும் மருத்துவர் கண்டுபிடித்தது 1894-இல்தான். எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சி நோயைப் பரப்புகிறது என்பது தெரிய வந்தது அதற்கும் பின்னர், 1898-இல். எனவே 1576-இல் மருத்துவரும் இருளில், மக்களும் இருளில்.

அந்நோயில் மாண்டவர்கள் ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர். நகரின் மக்கள்தொகையில் நான்கில் ஒருவருக்கும் அதிகம். பிணங்களைப் படகில் ஏற்றித் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். உலகம் போற்றும் ஓவியர் டிஷியன் 1576 ஆகஸ்டு 27 அன்று இறந்தார். அவருடைய மகன் ஒராத்சியோவையும் அதே கொள்ளைநோய்க் காலம் கொண்டுபோயிற்று. டிஷியன் தம் கல்லறைக்கென்று வரைந்துகொண்டிருந்த இறுதி ஓவியம், உயிரற்ற இயேசுவை மடியில் தாங்கிய வியாகுல அன்னையின் படம். அதன் வலது கீழ்மூலையில் ஒரு சிறு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருப்பது போல வரைந்து, அதற்குள் தாமும் தம் மகனும் முழந்தாளிட்டு மன்றாடுவதாகத் தீட்டியிருக்கிறார். வேளாங்கண்ணியில் கை, கால், கண் என்று வெள்ளித் தகடுகளை நேர்ச்சையாகச் செலுத்தும் நம் மக்களுக்கு இந்தச் சிறு பலகையின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. உலகப் புகழ் பெற்ற கையும் கடைசியில் ஒரு நேர்ச்சைப் பலகையைத்தான் வரைந்தது. அந்த மன்றாட்டு அவர் கேட்டபடி கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நாம் சொல்ல வேண்டும்.

இந்நிலையில்தான் 1576 செப்டம்பர் 4 அன்று செனட் சபை கூடி, உலக மீட்பரின் பெயரால் ஒரு கோயில் எழுப்புவதென்றும், டோஜும் ஆட்சியாளரும் ஆண்டுதோறும் அங்கே சென்று நன்றி செலுத்துவதென்றும் முடிவெடுத்தது. செப்டம்பர் 8-ஆம் நாள், நம் வேளாங்கண்ணித் திருவிழாவாகிய அதே தேவதாயின் பிறந்தநாளன்று, டோஜ் அல்விசே மொச்செனிகோ புனித மாற்கு பேராலயத்தில் அந்த நேர்ச்சையை அறிவித்தார். கொள்ளைநோய்க்குப் பாதுகாவலராகிய புனித செபஸ்தியாருக்கு அந்நகரில் கோயில் உண்டு. நாம் ஆரோக்கியநாதர் என்று அழைக்கும் புனித ரோக்கின் அருளிக்கமே அங்குதான் இருக்கிறது. இருந்தும் இம்முறை புனிதரை நாடாமல் நேரே மீட்பரையே நாடினார்கள். நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்பதற்கு இதுவே சான்று என்று நமக்குத் தோன்றுகிறது.

கோயிலுக்கு ஒதுக்கிய தொகை 10,000 டுக்காட்டு நாணயம். பளிங்கு வேண்டாம், பக்திக்கு ஏற்ற உறுதியான கட்டடம் போதும் என்பது சபையின் எண்ணம். (கட்டி முடித்தபோது செலவு பல மடங்காகிவிட்டது. கோயில் கட்டிய அனுபவமுள்ள எந்தப் பங்குக்குருவும் இதைக் கேட்டு வியப்படையமாட்டார்.) இடம், நகருக்குத் தெற்கே அகன்ற கால்வாய்க்கு அப்பாலுள்ள ஜுடேக்கா தீவு. சிற்பி, அந்நாளில் இணையற்றவராக விளங்கிய பல்லாடியோ. கோயில் வட்ட வடிவில் அமைய வேண்டுமா, நீள வடிவில் அமைய வேண்டுமா என்று சபையில் பெரும் வாதம் எழுந்து, நீள வடிவமே வென்றது. 1577 மே 3, அந்நாளைய நாட்காட்டியின்படி திருச்சிலுவை கண்டெடுத்த திருநாளன்று, பிதாப்பிதா திரெவிசான் அடிக்கல் நாட்டினார்.

அந்தக் கோடையிலேயே நோய் நீங்கிவிட்டது என்று அரசு அறிவித்தது. கோயிலோ அடித்தளத்தைத் தாண்டவில்லை. ஆனால் நேர்ச்சைக்குத் தவணை கேட்க அவர்கள் விரும்பவில்லை. ஜூலை மூன்றாம் ஞாயிறன்று, கோயில் எழவிருந்த இடத்தில் மரத்தால் தற்காலிகக் கோயில் அமைத்தனர். போர்ப்படகுகளை அருகருகே நிறுத்திப் பிணைத்து, அவற்றின் மேல் பாதை அமைத்தனர். நேர்ச்சையை அறிவித்த மொச்செனிகோ அவ்வாண்டு ஜூன் மாதத்திலேயே இறந்துவிட்டார். அவருக்குப் பின் டோஜாக வந்தவர் செபஸ்தியானோ வெனியேர். 1571-இல் லெப்பாந்தோ கடற்போரில் வெனிஸ் கப்பற்படையை நடத்திய முதியவர் அவரே. செபமாலை அன்னையின் திருவிழாவுக்குக் காரணமான அந்த வெற்றியை நம் மக்கள் மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். நேர்ந்தவர் ஒருவர், அதைச் செலுத்தப் படகுகளின் மேல் நடந்தவர் வேறொருவர். முதலாண்டிலேயே இப்படி நேர்ந்தது. அதுவே பின்னர் இத்திருவிழாவின் தலையெழுத்தாகவும் ஆயிற்று.

பல்லாடியோவும் கோயில் நிறைவுறுவதைக் காணவில்லை, 1580-இல் காலமானார். 1592-இல் கோயில் அபிஷேகம் பண்ணப்பட்டது. எளிமைக்குப் பேர்பெற்ற கப்புச்சின் சபைத் துறவியரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. கரையிலிருந்து முகப்புக்கு ஏற 15 படிகள். எருசலேம் ஆலயத்தை நினைவூட்டுவதாக அவற்றைச் சொல்வார்கள். திருப்பயணிகளின் ஏறுபடிச் சங்கீதங்களும் பதினைந்தே. உள்ளே எங்கும் வெண்மை. பொன்னையும் வண்ணத்தையும் வாரி இறைத்த புனித மாற்கு பேராலயத்தைப் பார்த்துவிட்டு இதற்குள் நுழைகிறவர்களுக்கு, ஆரவாரம் அடங்கிய இடத்துக்கு வந்தது போலிருக்குமாம். கடன் தீர்க்க வருகிறவனுக்கு இதுவே பொருத்தமான இடம்.

இங்கே ஒரு கேள்வியை நாம் ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நேர்ச்சை செய்ததால்தான் நோய் நின்றதா? கொள்ளைநோய் ஓரிரு கோடைகள் கொன்றுவிட்டுத் தானே தணிவது அக்காலத்தில் பல நகரங்களிலும் கண்ட செய்தி. அதை மறைத்துப் பயனில்லை. மேலும் 1630-இல் அதே வெனிஸ் நகருக்கு அதே நோய் திரும்பி வந்தது. நேர்ச்சை என்பது கடவுளோடு செய்துகொள்ளும் வாணிபமானால், வெனிஸ் மக்கள் ஏமாற்றப்பட்டவர்கள் ஆவார்கள். அவர்கள் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை. மீட்பர் கோயிலுக்குச் செல்வதை நிறுத்தவுமில்லை. அதோடு இன்னொரு நேர்ச்சை செய்து, இன்னொரு கோயிலும் கட்டினார்கள். அதன் பெயர் கேட்டால் நம்மவர் உடல் சிலிர்க்கும்: 'சாந்தா மரியா தெல்லா சலூத்தே', அதாவது ஆரோக்கிய மாதா. வேளாங்கண்ணி அன்னைக்கு நாம் வழங்கும் அதே பெயர். அக்கோயிலின் திருநாள் நவம்பர் 21. அன்று வாணமில்லை, வேடிக்கையில்லை. குளிரில் மக்கள் மெழுகுதிரி ஏந்தி வந்து வணங்கிச் செல்கிறார்கள். ஒரே ஊர், ஒரே நோய், ஒரே வகை நேர்ச்சை. ஒன்று கோடையில் நெருப்புப் பூக்களாய் விரிந்தது. மற்றது கார்காலத்தில் ஒரு திரியளவில் நின்றுவிட்டது. இரண்டிலும் மக்களின் கண்ணீர் ஒன்றே.

ஆண்டுகள் ஓடின. டோஜ்கள் மாறினர், பாலம் ஆண்டுதோறும் எழுந்தது. 1797 மே 12 அன்று, நெப்போலியனின் படை வாசலில் நிற்க, வெனிஸ் குடியரசு தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. ஆயிரம் ஆண்டுப் பெருமை ஒரு நாள் வாக்கெடுப்பில் முடிந்தது. இனி டோஜ் இல்லை, செனட் சபை இல்லை. அதன்பின் ஆஸ்திரியர் ஆண்டனர். 1866-இல் நகரம் இத்தாலியோடு இணைந்தது. நேர்ந்துகொண்டவர்கள் ஆட்சியாளர்கள், ஆண்டுதோறும் சென்று நன்றி செலுத்துவோம் என்று வாக்களித்தது அரசு. அந்த அரசே மறைந்த பிறகு நேர்ச்சை யாரைக் கட்டுப்படுத்தும்? திருச்சபைச் சட்டம் பயின்ற நம் போன்றோர் இதை வைத்து ஒரு வகுப்பே நடத்தலாம். வெனிஸ் படகோட்டிகளும் மீனவரும் வகுப்புக்குக் காத்திருக்கவில்லை. அவர்கள் தங்கள் பாட்டன் நேர்ந்ததாகவே எண்ணிக்கொண்டு தொடர்ந்து போனார்கள். பட்டாடை உடுத்திய டோஜின் பவனி வரலாற்று ஏடுகளுக்குள் சென்றுவிட்டது. சாதாரண மக்களின் கால்கள் பாலத்தின் மேல் நின்றன.

இனி, வாணத்துக்கு வருவோம். சனிக்கிழமை மாலை நாமும் அந்தப் படகுகளில் ஒன்றில் ஏறிக்கொண்டதாக எண்ணிக்கொள்வோம். படகின் மேல் இலைக்கொத்துகளும் காகித விளக்குகளும் கட்டியிருக்கிறார்கள். நடுவில் பலகை போட்டுச் சாப்பாடு. பொரித்த சாளை மீனை, வதக்கிய வெங்காயத்தோடு காடியில் ஊறப்போட்டு எடுத்து வந்திருக்கிறார்கள். நாள் கணக்கில் கெடாமலிருக்கும் கடலோடிகளின் பதார்த்தம் அது. கருவாட்டுக் குழம்புக்குப் பழகிய நம் கடற்புறத்தார் அதன் அருமையை அறிவார்கள். பின்னர் தர்ப்பூசணி. கரையோரம் வாழ்வோர் வாசலிலேயே மேசை போட்டு விருந்துண்கிறார்கள். இருட்ட இருட்ட, புனித மாற்கு சதுக்கத்துக்கு முன்னுள்ள அகன்ற நீர்ப்பரப்பில் படகோடு படகு உரசும்படி நெருக்கம். இரவு பதினொன்றரை மணியளவில் மிதவைகளிலிருந்து முதல் வாணம் எழுகிறது. ஒவ்வொரு வாணமும் இரண்டாகத் தெரிகிறது, மேலே ஒன்று, நீரில் ஒன்று. வெடியோசை கற்சுவர்களில் மோதித் திரும்புகிறது. ஒரு நொடி மீட்பர் கோயிலின் குவிமாடம் பகல்போலத் துலங்கி, மறுநொடி இருளில் மறைகிறது. அரை மணி நேரத்துக்கும் மேலாக இது நீள்கிறது. முடிந்ததும் இளைஞர்கள் பலர் லீதோ கடற்கரைக்குச் சென்று, மணலில் அமர்ந்து கதிரவன் உதிப்பதைக் காண்பது வழக்கம்.

செனட் சபையின் நேர்ச்சையில் இருந்தவை இரண்டே: கோயிலும் ஆண்டு வழிபாடும். வாணத்தை நேர்ந்துகொண்டவர் எவரும் இல்லை. அது மக்களின் மகிழ்ச்சி தானாகச் சேர்த்துக்கொண்டது. இதை நாம் இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. வீட்டில் சாவு நீங்கிய பின் சிரிப்பது பாவமன்று. ஆனால் பின்னால் வந்த விருந்தாளி முன்னறையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. 1989 ஜூலை 15, திருவிழாச் சனிக்கிழமை. பிங்க் ஃபிளாய்ட் என்னும் ஆங்கில இசைக்குழுவினர் புனித மாற்கு சதுக்கத்துக்கு எதிரே மிதவை மேடையில் இசை நிகழ்ச்சி நடத்த, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வந்து குவிந்தனர். அத்தனை பேருக்கும் போதிய கழிப்பிடமில்லை, குடிநீர் வசதியில்லை. மறுநாள் ஞாயிறு; சதுக்கமெங்கும் குப்பை மலை. மக்கள் கொதித்தெழ, நகராட்சிப் பொறுப்பாளர்கள் பதவி விலக வேண்டியதாயிற்று. பாட்டைக் குறை கூறுவதற்கு நமக்கு அதில் ஞானம் போதாது. ஆனால் அன்றிரவு அங்கு நின்றவர்களில் எத்தனை பேருக்கு எதிர்க்கரைக் கோயில் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்திருக்கும்?

பின்னர் 2020 வந்தது. பெருந்தொற்று இத்தாலியின் வடபகுதியை எப்படி வாட்டிற்று என்பதை நாம் அனைவரும் செய்திகளில் கண்டோம். வெகுவிரைவில் நம் வீடுகளிலும் கண்டோம். கொள்ளைநோயின் நினைவாக எழுந்த திருவிழா, கொள்ளைநோயின் நடுவே வந்து நின்றது. கூட்டம் கூடினால் நோய் பரவும்; ஆகவே அவ்வாண்டு வாணவேடிக்கை நிறுத்தப்பட்டது. பாலமோ நிறுத்தப்படவில்லை. திருப்பலியும் நிறுத்தப்படவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று முடிவெடுக்க வேண்டிய நேரத்தில், 1577-ஆம் ஆண்டின் திருவிழாவே ஏறக்குறைய திரும்பி வந்துவிட்டது. அடுத்த ஆண்டு வாணம் திரும்பியது; ஆனால் முன்பதிவு செய்தோருக்கே இடம். அதன்பின் பழையபடி கூட்டம். அதுவும் நல்லதே, படகில் பாட்டியின் மடியிலிருந்து வாணம் பார்த்த குழந்தைதான் பின்னர் பாலத்தில் பாட்டியின் கையைப் பிடித்து நடக்கும்.

அந்தப் பாலத்தைப் பற்றி ஒரு சொல். இப்போது போர்ப்படகுகள் இல்லை. மிதவைகளின் மேல் ஏறத்தாழ 330 மீட்டர் நீளத்துக்குப் பாதை அமைக்கிறார்கள். அது மீட்பர் கோயிலின் வாசலுக்கு நேரே சென்று முடிகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் அக்கோயிலுக்குப் படகில்தான் போக வேண்டும்; இந்த ஓரிரு நாட்கள் மட்டும் நடந்து போகலாம். முதியோர் ஊன்றுகோலோடும், தாய்மார் கைக்குழந்தையோடும் செல்கிறார்கள். அலையில் பாதை சற்றே ஆடும். நடுவில் நின்று பார்த்தால் நான்கு புறமும் நீர், முன்னே வெள்ளை முகப்பு.

ஞாயிறு பிற்பகல் படகுப் போட்டிகள் முடிந்ததும், மாலையில் பிதாப்பிதா மீட்பர் கோயிலில் திருப்பலி நிறைவேற்றுகிறார். பிறகு நற்கருணை நாதரை ஏந்தி வெளியே வந்து, நீருக்கு அப்பாலுள்ள நகரம் முழுவதற்கும் ஆசீர் அளிக்கிறார். அதன்பின் மக்கள் வந்த வழியே திரும்பி நடக்கிறார்கள். திருவிழா முடிந்ததும் பாலத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். அடைத்திருந்த கால்வாயில் மீண்டும் படகுகள் ஓடத் தொடங்குகின்றன.